நீரும் நிலக்கீலும்: வடசிலாங்கூர்ச் சாலைகளின் வரலாற்றில் ஒரு பகுதி

சாலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைத் திறந்து வைத்தவரின் பெயரையும், திறந்து வைத்த நாளையும், செலவான தொகையையும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். சாலை எவ்வாறு அழிந்தது என்பதை எழுதுவார் அரியர். ஆயினும், அழியும் விதத்தை அறிந்தவனே ஆக்கும் விதத்தையும் அறிந்தவனாவான். மருத்துவன் நோயை அறிந்த பின்னரே மருந்தைத் தேடுவது போல, சாலை அமைப்போரும் சாலையின் நோயை அறிய நூறாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளனர். அந்நோய்களுள் தலையாயது நீரால் விளைவது. தார்ச்சாலைக் கலவை நீரை எவ்வளவு தாங்கும் என்று சோதித்தறியும் முறை எவ்வாறு வளர்ந்தது, நாம் வாழும் கோலசிலாங்கூர் வட்டாரத்திற்கும் நம் மக்களின் உழைப்பிற்கும் அதனோடு என்ன தொடர்பு என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிலமும் சாலையும்

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்ணம் வரை செல்லும் கடற்கரைப் பகுதி தாழ்ந்த நிலமாகும். சிலாங்கூர் ஆறு, தெங்கி ஆறு, பெர்ணம் ஆறு ஆகியவை அதனை ஊடறுத்துச் செல்கின்றன. கரையோரம் கடற்களிமண், உள்ளே சென்றால் ராஜா மூசா, சுங்கை காராங் காட்டு ஒதுக்கங்களை உள்ளிட்ட பெருஞ்சதுப்பு நிலம். நிலத்தை ஒரு முழம் தோண்டினாலே நீர் ஊறும் இடங்கள் இங்குப் பல. மேலே இருந்து பெய்வதும் குறைவன்று. தீபகற்ப மலேசியாவின் ஆண்டுச் சராசரி மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. ஆகவே இவ்வட்டாரத்துச் சாலை மேலும் கீழும் நீரால் சூழப்பட்ட சாலையாகும்.

இந்நிலத்தில்தான் தோட்டங்கள் எழுந்தன. காப்பியும் தென்னையும் முதலில், பின்னர் இரப்பர், அதன் பின்னர் எண்ணெய்ப்பனை. 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே என்பார் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை நிறுவிய இடம், பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டமாகும். (பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்குகின்றது.) உலகச் சந்தையையே மாற்றிய ஒரு பயிரின் முதல் தோட்டம் நம் சொல்லொன்றைப் பெயராகத் தாங்கி நிற்பது தமிழாசிரியர் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியாகும்.

எண்ணெய்ப்பனைக்கும் சாலைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. இரப்பர்ப் பாலை உறைய வைத்துப் பாளமாக்கிக் காயவைத்துவிட்டால் சில நாள் காத்திருக்கும். செம்பனைக் குலையோ காத்திராது. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சென்று சேராவிடின் எண்ணெயில் அமிலம் பெருகித் தரம் கெடும். ஆகவே மழையாயினும் வெயிலாயினும் பாரமேற்றிய லாரிகள் ஓடியே ஆகவேண்டும். ஈரம் ஊறிய சாலையின்மேல் பாரம் ஏறுவதுதான் தார்ச்சாலைக்கு வரும் கேடுகளுள் கொடியது.

இச்சாலைகளை வெட்டியவர், மண் சுமந்தவர், சல்லி உடைத்தவர், தார் ஊற்றியவர் யாவர்? தோட்டங்களில் மட்டுமின்றி, அரசாங்கப் பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் தென்னிந்தியத் தொழிலாளரே பெருந்தொகையினராக இருந்தனர். 1907ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதிக்குத் தோட்டக்காரர் மட்டுமன்றி, தமிழ்த் தொழிலாளரை அமர்த்திய அரசாங்கத் துறைகளும் பணம் செலுத்தின. சாலைக்கும் தண்டவாளத்திற்கும் தமிழரின் கைகள் எவ்வளவு தேவைப்பட்டன என்பதற்கு இதுவே சான்று.

அவர்கள் ஏட்டில் படித்த பொறியியலார் அல்லர். எனினும், சாலைக்கு முன் கான் வெட்ட வேண்டும் என்பதை அறிந்திருந்தனர். நம் தோட்டத்து மக்கள் வடிகாலைக் ‘கான்’ என்பர். கான் அடைத்தால் ரோடு போயிற்று என்பது தோட்டத்தில் யாவரும் அறிந்த பேச்சு. சாலை அறிவியலின் முதல் விதியும் அதுவே.

மெக்கடமும் தாரும்

ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜான் லௌடன் மெக்கடம் என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கொள்கையை வகுத்தார். சாலையின் மேல் ஏறும் பாரத்தைத் தாங்குவது கல்லன்று, அடியிலுள்ள மண்ணே. அம்மண் காய்ந்திருக்கும் வரை எப்பாரத்தையும் தாங்கும். கற்பரப்பின் வேலை மண்ணை நனையாமல் காக்கும் கூரையாய் இருப்பதே. இஃது அவர் கொள்கையின் சாரம். சிறு சிறு சல்லியைச் செறிவாகப் பரப்பி, நடுவில் உயர்த்தி, இருபுறமும் கான் வெட்டி அவர் அமைத்த சாலைமுறை உலகெங்கும் பரவியது.

மோட்டார் வண்டி வந்ததும் அம்முறை போதாமற் போயிற்று. உருளும் இரப்பர்ச் சக்கரங்கள் சல்லிகளுக்கு இடையே இருந்த தூளை உறிஞ்சி எடுத்துப் புழுதியாய் இறைத்தன. பிணைப்பு இழந்த சல்லிகள் சிதறின. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் மாவட்ட அளவையாளர் எட்கர் பர்னல் ஹூலி என்பார், தாரையும் சல்லியையும் கலந்து பரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கறுப்புச் சாலையின் காலம் பிறந்தது.

இவ்விடத்தில் சொல் பற்றி ஒரு குறிப்பு. மரக்கலங்களின் மரப்பொருத்துகளில் நீர் புகாவண்ணம் பூசிய கரும்பிசினைத் தமிழர் ‘கீல்’ என்றனர். ‘தார்’ என்பது ஆங்கிலத்தின் வழி வந்த சொல். நிலக்கரியைச் சூடாக்கிப் பெறும் கரும்பிசின் தார்; மண்ணெண்ணெய் வகைகளைப் பிரித்தெடுத்தபின் அடியில் தங்கும் கரும்பிசின் வேறு. பின்னதே இன்று சாலைக்குப் பயன்படுவது. அதற்கு நிலக்கீல் என்னும் பெயர் பொருந்தும். நாம் தார் ரோடு என்று சொல்வது வழக்குப் பற்றியே.

கல் யாரை விரும்புகிறது?

நிலக்கீல் நீருக்குப் பகைப்பொருள். நீர் அதன்மேல் ஒட்டுவதில்லை. அவ்வாறாயின், நிலக்கீல் போர்த்திய சாலை நீரால் கெடுவது எங்ஙனம்? விடை கல்லில் இருக்கின்றது. பெரும்பாலான கற்கள் எண்ணெயை விட நீரையே மிகுதியாக விரும்புவன. நிலக்கீலும் கல்லும் ஒட்டியிருக்கும் இடைவெளியில் சிறிது நீர் புகுந்தால், கல் நிலக்கீலை விடுத்து நீரைப் பற்றிக்கொள்கின்றது. மேலே செல்லும் சக்கரம், புகுந்த நீரை அழுத்துகின்றது. சக்கரம் கடந்ததும் நீர் மீண்டும் உறிஞ்சப்படுகின்றது. நாள் ஒன்றுக்கு ஆயிரம் முறை இவ்வாறு நிகழ, கல்லைப் போர்த்த கறுப்புத் தோல் உரிந்துபோகின்றது. இதனை ‘உரிதல்’ எனலாம்.

எல்லாக் கல்லும் ஒருபடியாக உரிவதில்லை. சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சியம், நிலக்கீலிலுள்ள அமிலப் பகுதிகளோடு கூடி நீரில் கரையாத உப்பாக மாறுகின்றது. ஆதலின் பிடிப்பு உறுதியாகின்றது. கருங்கல் எனப்படும் கிரானைட்டிலோ சிலிக்கா மிகுதி. அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் நிலக்கீலோடு சேர்ந்தால் உண்டாவது நீரில் கரையும் சவர்க்காரம் போன்ற பொருள். மழை வந்தால் அப்பிடிப்பு நெகிழும்.

அவ்வாறாயின் பத்துமலையில் உள்ளது போன்ற சுண்ணாம்புக் கல்லையே சாலைக்கு இடலாகாதோ எனின், ஆகாது. சக்கரம் பட்டுப் பட்டு அக்கல் விரைவில் வழவழப்பாகிவிடும். மழையில் வண்டி வழுக்கும். ஆகவே மேற்பரப்பிற்குக் கருங்கல்லே வேண்டியிருக்கின்றது. மலேசியச் சாலைகளுக்கு மிகுதியும் பயன்படுவது கிரானைட்டே. இக்குறையைத் தீர்க்கக் கண்ட எளிய வழி, நீற்றிய சுண்ணாம்பைக் கலவையில் சேர்ப்பது. கருங்கல்லுக்கு இல்லாத கால்சியத்தைச் சுண்ணாம்பு கொடுக்கின்றது. மலேசியப் பொதுப்பணித் துறையின் சாலை விதிமுறையும் கலவையின் நுண்தூளாக நீற்றிய சுண்ணாம்பை ஏற்று, உரிதலைத் தடுக்கும் பொருளாகவும் அதனைக் கருதுகின்றது.

சோதனைகளின் வரலாறு

ஒரு கலவை உரியுமா உரியாதா என்பதைச் சாலையில் இட்டுப் பார்த்தால் சில ஆண்டுகளில் தெரியும். ஆனால் அதற்குள் பணமும் போய், சாலையும் போய்விடும். சாலையிடுமுன்பே அறியவேண்டும் என்பதே சோதனையின் நோக்கம்.

முதற்சோதனைகள் சமையலறைச் சோதனைகளை ஒத்தவை. 1930களில் ஜெர்மானியர் இருவர், ரீடல், வெபர் என்போர், நிலக்கீல் பூசிய கற்றூளை முதலில் வெறும் நீரிலும், பின்னர் சலவைச் சோடா கலந்த நீரிலும் கொதிக்க வைத்தனர். சோடாவின் செறிவைப் படிப்படியாக இரட்டிப்பாக்கிக்கொண்டே சென்று, எந்தப் படியில் கல் வெளுக்கிறதோ அதனையே பிடிப்பின் அளவாகக் கொண்டனர். மற்றொரு முறை, பூசிய சல்லியை வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, பூச்சு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கண்ணால் பார்ப்பது. 1971ஆம் ஆண்டின் இந்தியத் தரமுறை ஒன்றும் 40 பாகை வெப்பநீரில் 24 மணி நேரம் ஊறவைத்து இவ்வாறே பார்க்கச் சொல்கின்றது.

இம்முறைகள் எளியன, மலிவானவை. ஆனால் இரு குறைகள் உள. ஒன்று, பார்ப்பவர் கண்ணுக்குக் கண் அளவு மாறும். மற்றொன்று, சோதிக்கப்படுவது தனிக்கல்லேயன்றிச் சாலைக் கலவையன்று. மாணவன் எழுத்துகளைத் தனித்தனியே அறிவான் என்பதனால் வாக்கியத்தைப் படிப்பான் என்று ஆசிரியர் முடிவு கட்டுவதில்லை அன்றோ?

அடுத்த படி, கலவையையே உருளையாக இடித்துச் சோதிப்பது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்த புரூஸ் மார்ஷல் என்பார் வகுத்த சோதனையை, இரண்டாம் உலகப் போரில் கனத்த விமானங்களுக்கான ஓடுதளங்களை அமைக்க அமெரிக்க இராணுவப் பொறியாளர் வளர்த்தெடுத்தனர். உருளையை 60 பாகை நீரில் அரைமணி நேரம் வைத்து நெரித்து வலிமை காண்பர். பின்னர், அதே நீரில் 24 மணி நேரம் ஊறிய உருளையை நெரித்து இரண்டையும் ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. ஊறாததன் வலிமையில் எத்தனை விழுக்காடு ஊறியதில் எஞ்சியது என்னும் விகிதமே விடை. கண்ணின் இடத்தை எண் பிடித்தது.

1943ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுப் பொறியாளர் லோபோ கார்னெய்ரோ ஒரு வழி கண்டார். ரியோ டி ஜெனிரோ நகரில் அகன்ற தெருவொன்று அமைக்கும் வழியில் பழைய தேவாலயம் ஒன்று நின்றது. அதனைக் காங்கிரீட்டு உருளைகளின்மேல் நகர்த்த எண்ணினர். உருளைகளைப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தபோது அவை நசுங்கவில்லை. நடுவே நெடுக்காகப் பிளந்தன. அழுத்தினாலும் உள்ளே இழுவிசை பிறக்கின்றது என்பது தெளிவாயிற்று. நீர் கெடுப்பதோ ஒட்டும் தன்மையை. ஒட்டுத் தன்மையை அளக்க இழுத்துப் பார்ப்பதே தக்க வழி. இழுக்க இயலாத உருளையை இவ்வாறு அழுத்தியே இழுக்கலாம்.

இவ்விரு வழிகளையும் இணைத்தவர் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் லாட்மன் ஆவார். அவருடைய ஆய்வு 1978, 1982ஆம் ஆண்டுகளில் அறிக்கைகளாக வெளிவந்தது. பிறர் அதனைத் திருத்த, அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் 1985ஆம் ஆண்டில் ‘டி 283’ என்னும் முறையாக ஏற்றது. முறை இதுதான்: உருளைகளைச் சாலையில் இருப்பது போல ஏறத்தாழ 7 விழுக்காடு காற்றறைகளுடன் செய்வர். ஒரு பாதியை உலர்ந்தபடி வைப்பர். மறுபாதிக்குள் காற்றை உறிஞ்சி நீரைப் புகுத்துவர்; உறைகுளிரில் 16 மணி நேரம் வைப்பர்; பின்னர் 60 பாகை நீரில் 24 மணி நேரம் இடுவர். இறுதியில் இரு பகுதிகளையும் 25 பாகை வெப்பநிலையில் பிளந்து இழுவலிமையை ஒப்பிடுவர். நனைந்தது உலர்ந்ததில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1970களில் வேறொரு வழி கண்டனர். கலவைப் பலகையை 50 பாகை வெப்பநீரில் மூழ்கவைத்து, அதன்மேல் எஃகுச் சக்கரத்தை 20,000 முறை வரை ஓட்டுவர். பள்ளம் மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டே வரும். ஓரிடத்தில் திடீரென்று விரையும். நிலக்கீல் கல்லை விட்டுப் பிரியத் தொடங்கிய தருணம் அது. நீரும் பாரமும் சேர்ந்து வரும்போது என்னாகும் என்பதை இச்சோதனை நேரே காட்டுகின்றது.

இடத்திற்கேற்ற வினா

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சோதனை என்பது வினாத்தாள் போன்றது. ஐடஹோவில் குளிர்காலத்தில் பனி உறையும். உறைந்த நீர் பருத்துக் கலவையைப் பிளக்கும். ஆகவே உறைகுளிர் அங்குத் தக்க வினா. கோலசிலாங்கூரில் பனி உறைவதில்லை. இங்குக் கேட்கத்தக்க வினாக்கள் வேறு: சூடேறிய சாலையில் மாலை மழை கொட்டினால் என்னாகும்? சதுப்பிலிருந்து ஈரம் கீழிருந்து ஏறினால் என்னாகும்? நனைந்த சாலையில் குலை ஏற்றிய லாரி ஓடினால் என்னாகும்? ஹாம்பர்க் முறையும், வெந்நீரில் ஊறவைக்கும் பகுதியும் நம் நிலைக்கு நெருங்கியவை. வந்த முறையை வந்தபடியே கொள்ளாது, நம் மண்ணுக்கு எவ்வினா பொருந்தும் என்று தேர்ந்தெடுத்தலே அறிவுடைமை. அயல்நாட்டு வினாத்தாளை அப்படியே கொணர்ந்து நம் பிள்ளைகளை அளந்த காலத்தை அறிந்த ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இரப்பரும் சாலையும்

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக் வழியாகச் செல்லும் பழைய சாலை சுங்கை பூலோவை அடைகின்றது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை வைத்தது அங்கேதான். இரப்பரைச் சாலைக் கலவையில் சேர்க்கும் எண்ணம் பழையது; 1930களிலேயே ஹாலந்தில் இரப்பர்த்தூள் கலந்த சாலைகள் இடப்பட்டன. நம் நாட்டில் 1940களிலேயே இத்தகைய முயற்சி இருந்ததாகக் கூறுவர். எழுத்தில் பதிவான முதல் முயற்சி 1988இல் நிகழ்ந்தது. கழிக்கப்பட்ட இரப்பர்க் கையுறைகளும் இரப்பர்ப் பாலும் அதற்குப் பயன்பட்டன. 1993இல் நெகிரி செம்பிலானில் ரெம்பாவையும் தம்பினையும் இணைக்கும் சாலையில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. பின்னர் மங்கில் உறைந்த கட்டிப்பாலையே நிலக்கீலோடு கலக்கும் முறை வந்தது. 2018 நவம்பரில் தாக்கலான 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், துறைமுக, தொழிற்பேட்டைச் சாலைகளில் இக்கலவையைப் பயன்படுத்த 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது.

இரப்பர் சேர்ந்த நிலக்கீல் வெயிலில் எளிதில் இளகாது. அழுத்தம் நீங்கியதும் மீளும். கல்லின்மேல் சற்றுத் தடித்த போர்வையாகப் படியும். தடித்த போர்வையைக் கடந்து நீர் புக நேரமாகும். எனினும் இரப்பர் சேர்ந்தது என்பதனாலேயே கல்லோடு பிடிப்பு உறுதியாகிவிடும் என்று கொள்ளலாகாது. கல்லின் குணம் அப்படியே இருக்கின்றது. இரப்பர்க் கலவையும் நீர்ச்சோதனையில் தேறவேண்டும்.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சி உண்டு. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான சல்லியின்மேல் தூவி மெல்லிய போர்வையாக உருகவைத்து, அதன்மேல் நிலக்கீலைக் கலக்கும் முறையைக் கண்டார். 2002ஆம் ஆண்டில் கல்லூரி வளாகத்திலேயே சாலை இட்டுக் காட்டினார். கல்லை நேரே நீர் தொடாதவாறு செய்வதே அதன் உட்பொருள். உரிதல் சோதனையும் அவருடைய ஆய்வில் இடம்பெற்றது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சோதனைக்கு அப்பால்

ஆய்வுக்கூடத்தில் தேறிய கலவை சாலையில் தோற்பதும் உண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, உருளை வண்டி போதிய அளவு ஓடாமை. காற்றறைகள் 8 விழுக்காட்டைத் தாண்டினால் அவை ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழியாகிவிடும். சூடு ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் அது செறியாது. இரண்டாவது, கான் அடைந்து நீர் தேங்குதல். நம் முன்னோர் மண்வெட்டியோடு அறிந்ததும், மெக்கடம் எழுதிச் சென்றதும் இங்கே ஒன்றாகின்றன.

பெருஞ்சாலைகளுக்கு ஆய்வுக்கூடமும் மேற்பார்வையும் உண்டு. தோட்டத்தின் உட்சாலைக்கும் பள்ளிக்குச் செல்லும் கிளைச்சாலைக்கும் பலவேளை அவை கிட்டுவதில்லை. குழி விழுந்தால் ஒரு வண்டிக் கலவையைக் கொட்டித் தட்டிவிட்டுப் போவர். அடுத்த மழையில் அது பெயர்ந்துவிடும். அதனால் துன்புறுவோர் நடந்தும் மிதிவண்டியிலும் வரும் பிள்ளைகளும், அவர்களை இருசக்கர வண்டியில் ஏற்றிவரும் பெற்றோருமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறிய பின், எஞ்சியுள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகள் தொலைவிலிருந்தே வருகின்றனர். சாலை கெட்டால் வருகைப் பதிவேடும் கெடும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று அறிவியல் சார்ந்தது. பள்ளியருகே பெயர்ந்து கிடக்கும் சாலைத் துண்டொன்றை மாணவரிடம் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். மேற்புறம் கறுத்திருக்க, அடிப்புறத்துச் சல்லி வெளுத்திருந்தால் அது நீரால் உரிந்தது. உரிதல் பெரும்பாலும் அடியிலிருந்தே தொடங்கும். சல்லியெல்லாம் கறுப்பு மாறாதிருக்க, சாலை அலையலையாகத் தாழ்ந்திருந்தால் அது சதுப்பு நிலம் அமிழ்ந்ததன் விளைவு. முன்னதற்கு மருந்து நல்ல கலவை; பின்னதற்கு மருந்து அடித்தளச் சீரமைப்பு. நோயைப் பிரித்துக் கூறி எழுதும் விண்ணப்பத்திற்கு, ‘சாலை மோசம்’ என்று மட்டும் எழுதும் விண்ணப்பத்தினும் மதிப்பு மிகும்.

மற்றொன்று வரலாறு சார்ந்தது. பொதுப்பணித் துறையில் கான் வெட்டியும் சல்லி பரப்பியும் தார் காய்ச்சியும் உழைத்த தலைமுறையினருள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். எந்தச் சாலை எந்தச் சதுப்பின்மேல் போடப்பட்டது, எங்கே மரக்கட்டைகளைப் பரப்பி மண் கொட்டினர், எந்தக் கான் எப்போது மூடப்பட்டது என்பன அவர்கள் நினைவில் இருக்கும். அவற்றைக் கேட்டு, நாளும் ஊரும் குறித்து எழுதிவைத்தால் நம் வரலாற்றுக்கு ஏடாகும். நாளைச் சாலை அமைக்கவரும் பொறியாளருக்கும் பயன்படும். அப்பெரியவர்களின் நினைவு நம்மைவிட்டு நீங்குமுன் இப்பணியைத் தொடங்குவது ஒவ்வொரு பள்ளியின் கடமையாகும்.